பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்: ஆர் பேக்கேஜ் எலும்புக்கூடு செய்த கதை

புள்ளியியலுக்கான ஆர் மொழியில் ஒரு லூப் ஆமை வேகத்தில் ஓடும். அதே லூப்பை சி++-இல் எழுதினால் பறக்கும். எழுதுவதும் பெரிய வேலை இல்லை, ஆரையும் சி++-ஐயும் இணைக்கும் ஆர்சிபிபி இருக்கிறது, பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். பாடு எல்லாம் அந்தப் பதினைந்து வரிக்குக் கட்ட வேண்டிய வீட்டில்தான், அதாவது பிறர் நிறுவிப் பயன்படுத்தும் பேக்கேஜில். பேக்கேஜின் விவரங்களுக்கு டிஸ்கிரிப்ஷன் கோப்பு, எதை வெளியே விடுவது என்று சொல்ல நேம்ஸ்பேஸ் கோப்பு, சி++ மூலநிரலுக்கு எஸ்ஆர்சி அடைவு, உதவிப் பக்கங்களுக்கு மேன் அடைவு, கம்பைலருக்கும் லிங்கருக்கும் குறிப்பு சொல்ல மேக்வார்ஸ் கோப்பு. மூன்று பேக்கேஜ் வரை, முந்தையதைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றி ஓட்டிவிட்டேன். நான்காவதில் வசமாக மாட்டினேன்.

நகரும் சாளரத்தில் மாறுபாடு கணக்கிடும் பழைய பேக்கேஜ் ஒன்று இருந்தது. அதைக் காப்பி எடுத்து, பூட்ஸ்ட்ராப் மறுமாதிரி எடுக்கும் (தரவிலிருந்தே திரும்பத் திரும்பத் தற்செயலாக மாதிரி எடுக்கும்) புதிய பேக்கேஜ் செய்ய உட்கார்ந்தேன். அடைவின் பெயரையும் டிஸ்கிரிப்ஷனில் உள்ள பெயரையும் மாற்றினேன். நிறுவச் சொன்னேன். கம்பைல் ஆனது. லோடு ஆகும் இடத்தில் நின்றது: பழைய பெயரில் உள்ள .எஸ்ஓ கோப்பை, அதாவது கம்பைல் ஆன நூலகத்தை, காணவில்லையாம். நேம்ஸ்பேஸ் கோப்பில், எந்த நூலகத்தை ஏற்றுவது என்று சொல்லும் யூஸ்டைன்லிப் என்ற வரியில் பழைய பெயர் அப்படியே இருந்தது. சரி, மாற்றினேன். இந்தத் தடவை நிறுவலும் முடிந்தது, லைப்ரரி என்று அழைத்ததும் முனகாமல் ஏறியது. செயற்கூறைக் கூப்பிட்டதும், அடிக்கோட்டில் தொடங்கும் பழைய பெயர் ஒன்றைச் சொல்லி, அந்த ஆப்ஜெக்ட் இல்லை என்றது.

இங்கே அரை நாள் போனது. என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. சி++ செயற்கூறின் தலையில் ஆர்சிபிபி எக்ஸ்போர்ட் என்று ஒரு கமென்ட் வரி போடுகிறோம் அல்லவா, அதைப் படித்து கம்பைல்ஆட்ரிப்யூட்ஸ் என்ற செயற்கூறு இரண்டு கோப்புகளை எழுதுகிறது. இரண்டுக்கும் பெயர் ஆர்சிபிபிஎக்ஸ்போர்ட்ஸ்தான். ஒன்று ஆர் பக்கம், மற்றது எஸ்ஆர்சி பக்கம். சி++ கோப்பின் அடியில் ஆர்_இனிட்_ என்று தொடங்கி பேக்கேஜ் பெயரில் முடியும் ஒரு துவக்கச் செயற்கூறு இருக்கும். நூலகத்தை ஏற்றும்போது ஆர் தேடுவது சரியாக அந்தப் பெயரைத்தான். கிடைத்தால் உள்ளே இருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் அட்டவணையைப் படித்து ஒவ்வொரு சி++ செயற்கூறுக்கும் ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கும். கிடைக்காவிட்டால் புகார் எதுவும் சொல்லாது, பேசாமல் போய்விடும். என் காப்பியில் துவக்கச் செயற்கூறு பழைய பெயரிலேயே இருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை, அட்டவணை பதிவாகவில்லை, ஆப்ஜெக்ட் பிறக்கவில்லை. கம்பைல்ஆட்ரிப்யூட்ஸை ஒரு முறை ஓட்டினேன். டிஸ்கிரிப்ஷனில் உள்ள புதுப் பெயரை எடுத்து இரண்டு கோப்புகளையும் திருப்பி எழுதியது. வேலை முடிந்தது.

ஒரே பெயர் நான்கைந்து இடத்தில் ஒளிந்திருக்கிறது, அதில் இரண்டு இடத்தைக் கையால் தொடவே கூடாது. இனிமேல் காப்பி எடுப்பதில்லை, புது பேக்கேஜுக்கு வேண்டிய வெற்றுக் கோப்புகளை, அதாவது எலும்புக்கூட்டை, உண்டாக்கும் கருவியாகவே ஒன்று வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் ஏற்கனவே இருப்பவற்றை ஓட்டிப் பார்த்தேன். ஆரோடு கூடவே வரும் பேக்கேஜ்.ஸ்கெலிட்டன்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அது எழுதித் தரும் டிஸ்கிரிப்ஷன் கோப்பை ஒரு தடவை ரசித்துப் படிக்கலாம். ஆசிரியர் என்ற இடத்தில் ‘யார் எழுதியது’, பராமரிப்பவர் என்ற இடத்தில் ‘யாரிடம் புகார் சொல்வது’ என்று இருக்கும். மின்னஞ்சல் முகவரியோ ‘உன் தப்பு’ என்று அர்த்தம் வரும்படி ஒன்று. உரிமம் என்ற இடத்தில் ‘எந்த உரிமத்தில் வருகிறது?’ என்று நம்மையே திருப்பிக் கேட்கும். இதை அப்படியே விட்டு, பேக்கேஜைச் சோதிக்கும் ஆர் சிஎம்டி செக் ஓட்டினால் உரிமத்துக்கு ஒரு வார்னிங் விழும். உதவிப் பக்கங்களில் இரட்டை அலைக்கோடுகளுக்கு நடுவே ‘இங்கே விளக்கம் எழுதவும்’ என்ற வகைக் குறிப்புகள் நிரம்பிக் கிடக்கும், அதற்கும் புகார் வரும். போதாததற்கு ‘படித்துவிட்டு அழிக்கவும்’ என்று பெயரிலேயே சொல்லும் கோப்பு ஒன்று. நான் அதைப் படிக்கவும் இல்லை, பல மாதம் அழிக்கவும் இல்லை.

அதன் மேல் கட்டியதுதான் ஆர்சிபிபி.பேக்கேஜ்.ஸ்கெலிட்டன். டிஸ்கிரிப்ஷனில் இம்போர்ட்ஸ், லிங்கிங்டு இரண்டிலும் ஆர்சிபிபியைச் சேர்த்துவிடும், யூஸ்டைன்லிப் வரியை எழுதிவிடும், ஒரு ஹலோ வேர்ல்டும் வைக்கும். லிங்கிங்டு இல்லாவிட்டால் தலைப்புக் கோப்புகள் கிடைக்காமல் கம்பைலே ஆகாது. கையால் செய்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. நேரியல் இயற்கணிதம் வேண்டும் என்றால் ஆர்சிபிபிஆர்மடில்லோவுக்கும் ஆர்சிபிபிஐகனுக்கும் தனித்தனி ஸ்கெலிட்டன் உண்டு. ஆர்மடில்லோவுடையது லாபேக், பிளாஸ் நூலகங்களோடு இணைக்கும் மேக்வார்ஸையும் சேர்த்துத் தரும். அலைக்கோட்டுத் தொல்லை பொறுக்காமல் எழுதப்பட்ட பிகேஜிகிட்டன் என்ற பேக்கேஜும் இருக்கிறது. அது தரும் எலும்புக்கூடு எடுத்த எடுப்பிலேயே செக்கைத் தாண்டிவிடும். யூஸ்திஸ் பேக்கேஜில் யூஸ்_ஆர்சிபிபி, யூஸ்_சிபிபி11 என்று, ஏற்கனவே இருக்கும் பேக்கேஜில் சி++-ஐச் சேர்க்கிற வழி உண்டு. ரஸ்ட் மொழிக்காரர்களுக்கு ரெக்ஸ்டெண்டர், ஸ்டான் மொழியில் எழுதிய புள்ளியியல் மாதிரிகளை முன்கூட்டியே கம்பைல் செய்துவைக்க ஆர்ஸ்டான்டூல்ஸ்.

இவ்வளவு இருக்கும்போது இன்னொன்று எதற்கு? எந்த எலும்புக்கூடு வந்தாலும் முதல் பத்து நிமிடம் நான் எழுதுவதில்லை, அழிக்கிறேன். ஹலோ வேர்ல்டை அழி, அதன் உதவிப் பக்கத்தை அழி, பொதுவான எக்ஸ்போர்ட் வரியை அழி. இந்த எக்ஸ்போர்ட் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாணி நேம்ஸ்பேஸில், எழுத்தில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் வெளியே விடு என்று ஒரு பேட்டர்ன் இருக்கும். ஆரம்பத்தில் சௌகரியமாகத்தான் இருக்கும். அப்புறம் உள்ளுக்குள் பயன்படுத்த நாலு சின்னச் சின்ன சி++ செயற்கூறுகளை எழுதினால், நாலும் வெளியே தெரியும். நாலுக்கும் உதவிப் பக்கம் எங்கே என்று செக் கேட்கும். எனக்கு வேண்டியது அழிக்க எதுவும் இல்லாத எலும்புக்கூடு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் பேக்கேஜ் வெளியாகும் நாளிலும் அங்கேயே இருக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

கருவி சின்னதுதான். இன்ஸ்ட் அடைவுக்குள் வார்ப்புருக் கோப்புகள். பேக்கேஜ் பெயர் வர வேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு குறிச்சொல். ஓர் ஆர் செயற்கூறு கோப்புகளைப் படித்து, சரத்தைத் தேடி மாற்றும் ஜிசப் போட்டுக் குறிச்சொல்லை மாற்றி, புது இடத்தில் எழுதும். கடைசியில் கம்பைல்ஆட்ரிப்யூட்ஸை அதுவே கூப்பிடும், ஆர்சிபிபிஎக்ஸ்போர்ட்ஸ் கோப்புகளை வார்ப்புருவில் வைக்கவே இல்லை. அரை நாளைத் தின்ற கோளாறு இந்த ஒரு முடிவிலேயே தீர்ந்தது. எக்ஸ்போர்ட் பேட்டர்னும் கிடையாது. வெளியே தெரிவது ஓர் ஆர் செயற்கூறு மட்டும். அது உள்ளீட்டைச் சரிபார்த்துவிட்டு உள்ளே இருக்கும் சி++ செயற்கூறைக் கூப்பிடும். பராமரிப்பவர் பெயர், மின்னஞ்சல், உரிமம் மூன்றையும் கொடுக்காவிட்டால் கருவி அங்கேயே நின்றுவிடும். நிரப்பப்படாத டிஸ்கிரிப்ஷன் வெளியே வரவே வராது. எந்த அடைவில் எழுதுவது என்பதற்கும் இயல்புமதிப்பு வைக்கவில்லை. பயனர் சொல்லாத இடத்தில் பேக்கேஜ் எதையும் எழுதக் கூடாது என்பது ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானின் விதி. அது நல்ல விதிதான், யாரோ ஒருவருடைய ஹோம் அடைவில் குப்பை போடுவானேன்.

எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றாக அடி விழ ஆரம்பித்தது.

முதல் அடி பெயரில். ஆர் பேக்கேஜ் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி மட்டும்தான் வரலாம். எழுத்தில் தொடங்க வேண்டும், புள்ளியில் முடியக் கூடாது, குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும். அடிக்கோட்டுக்கு இடமே இல்லை. இதற்கு ஒரு சோதனை வைத்தேன். ஆனால் புள்ளியை மறந்துவிட்டேன். ஆர்சிபிபி இல்லாமல் வெறும் சி நிரலுக்கும் ஒரு வார்ப்புரு வைத்திருந்தேன். அதில் துவக்கச் செயற்கூறைக் கையால்தான் எழுதியாக வேண்டும். புள்ளி உள்ள பெயரைக் கொடுத்ததும் ஆர்_இனிட்_ என்பதற்குப் பின்னால் புள்ளியும் வந்து உட்கார்ந்தது. சி மொழியில் பெயருக்குள் புள்ளி ஏது? கம்பைலர் அந்த வரியிலேயே படுத்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் புள்ளியை அடிக்கோடாக மாற்ற வேண்டும், ஆரும் அப்படித்தான் தேடுகிறது. ஆகவே இரண்டு குறிச்சொற்கள் ஆயின: பெயருக்கு ஒன்று, சி-க்கு ஏற்ற பெயருக்கு ஒன்று. அந்த வார்ப்புருவின் அட்டவணையைக் கையால் எழுத வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆர் 3.4.0-இலிருந்து, டூல்ஸ் பேக்கேஜில் நேட்டிவ் ரொட்டீன் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்கெலிட்டன் என்று நீளப் பெயர் கொண்ட ஒன்று இருக்கிறது. ஆர் நிரலில் உள்ள அழைப்புகளைப் படித்து அட்டவணையை அச்சிட்டுத் தரும்.

அடுத்தது ஜிசப். உதவிப் பக்கங்களின் நடையில் வரிக்கு வரி பின்சாய்வுக்கோடு. மாற்றாக வைக்கும் சரத்தில் பின்சாய்வுக்கோடு இருந்தால், ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் அதற்குத் தனி அர்த்தம், விழுங்கிவிடும். ஃபிக்ஸ்டு என்பதை ட்ரூ ஆக்கியதும் எழுத்துக்கு எழுத்து அப்படியே மாற்றியது.

விண்டோஸில் ஓட்டிப் பார்த்த நண்பர் ஒருவருக்கு வேறு மாதிரி வார்னிங்: மேக்வார்ஸ் கோப்பில் வரி முடிவு சரியில்லை. ரைட்லைன்ஸ் விண்டோஸில் வரிக்கு வரி சிஆர்எல்எஃப் போட்டு எழுதும், மேக் கோப்புகளுக்கு வெறும் எல்எஃப்தான் வேண்டும். கோப்பை பைனரி முறையில் திறந்து எழுதினால் தீர்ந்தது. சி++ மூலநிரல் கோப்புகளையும் செக் இதே கண்ணோடு பார்க்கிறது, அதனால் எல்லாக் கோப்பையும் அப்படியே எழுத வைத்துவிட்டேன். பில்டில் சேர்க்க வேண்டாதவற்றைப் பட்டியலிடும், புள்ளியில் தொடங்கும் ஆர்பில்டுஇக்னோர் கோப்பை வார்ப்புரு அடைவில் வைத்தால், மறைகோப்பு இருக்கிறது என்று செக் நோட் போடும். புள்ளி இல்லாமல் வைத்துக்கொண்டு, எழுதும்போது புள்ளி சேர்க்கிறேன்.

இதெல்லாம் சில்லறை. என்னை உண்மையாகவே உலுக்கியது உள்ளே வைத்த மாதிரிச் செயற்கூறு.

ஹலோ வேர்ல்டுக்குப் பதிலாக, உபயோகமான ஒன்றாக இருக்கட்டும் என்று, ஒரு வெக்டரின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் சராசரியைக் கழிக்கும் செயற்கூறு எழுதினேன். நியூமெரிக்வெக்டர் ஒன்றை வாங்கி, சராசரி கண்டுபிடித்து, லூப் போட்டு அதே வெக்டரில் கழித்து, அதையே திருப்பித் தரும். சோதனையும் எழுதினேன்: 1 முதல் 10 வரை கொடு, ஒவ்வொன்றிலும் 5.5 கழிந்து வருகிறதா பார். வந்தது. கூப்பிட்ட பிறகு மூல வெக்டர் மாறவில்லை என்றும் ஒரு சோதனை, அதுவும் பச்சை. எலும்புக்கூட்டிலிருந்து பிறந்த முதல் பேக்கேஜில் நிஜத் தரவைக் கொடுத்தேன். அடுத்த வரியில் மூலத் தரவின் சராசரி கேட்டால் 0 என்று வந்தது. தரவைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். இல்லை. செயற்கூறைக் கூப்பிடுவதற்கு முன் சராசரி சரி, கூப்பிட்ட பின் 0.

நியூமெரிக்வெக்டர் என்பது ஆரின் நினைவகத்தைச் சுட்டும் ஒரு மெல்லிய உறைதான். ஆர் பக்கத்து டபுள் (தசம எண்) வெக்டரைக் கொடுத்தால் நகல் எடுக்காது. அதில் எழுதினால், கூப்பிட்டவரின் மாறிக்குள்ளேயே எழுதுகிறோம். ஆனால் ஆரில் 1:10 என்று எழுதினால் அது இன்டிஜர் (முழு எண்) வெக்டர். அதை நியூமெரிக்வெக்டராக மாற்ற ஆர்சிபிபி புதிதாக ஒரு டபுள் வெக்டரை உண்டாக்குகிறது. நான் எழுதியது அந்த நகலில், மூலம் பத்திரமாகத் தப்பியது. என் சோதனை பச்சை காட்டியது, நான் கொடுத்தது இன்டிஜர் வெக்டர் என்ற ஒரே காரணத்தால்தான். 2, 4, 6 என்று டபுளாகக் கொடுத்திருந்தால் மூல வெக்டரே -2, 0, 2 ஆக மாறியிருப்பதை அன்றே பார்த்திருப்பேன். இதை ஆர்சிபிபியின் குறை என்று சொல்ல மாட்டேன், வேகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஆரில் பழகியவர் யாரும் இதை எதிர்பார்க்க மாட்டார். ஆரில் அர்கியூமென்ட்டை எப்படி மாற்றினாலும் கூப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது அல்லவா?

கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கினால், நேராக எழுதுவதைக் கம்பைலரே தடுக்கும். அதோடு நிம்மதியாக இருந்துவிட முடியாது. உள்ளே இன்னொரு நியூமெரிக்வெக்டரை அறிவித்து அதில் இதை ஒதுக்கினால், புதியதும் அதே நினைவகத்தையே சுட்டும். அதில் எழுதினால் கம்பைலர் வாயைத் திறக்காது, மூலம் மாறிவிடும். குளோன் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் நிஜமான நகல் கிடைக்கும். அல்லது அதே நீளத்தில் புது வெக்டர் ஒன்றை உண்டாக்கி அதில் எழுதலாம். என் வார்ப்புரு இப்போது இரண்டாம் வழியில் போகிறது: கான்ஸ்ட் உள்ளீடு, புது வெளியீடு. சோதனைக் கோப்பில் டபுள் வெக்டர் ஒன்று, இன்டிஜர் வெக்டர் ஒன்று, இரண்டிலும் மூலம் மாறவில்லை என்ற சரிபார்ப்பு. இது அழிக்க வேண்டாத வரி, எந்தப் பேக்கேஜுக்கும் பொருந்தும்.

லூப் எண்ணியையும் அப்போதே மாற்றினேன். பழக்க தோஷத்தில் இன்ட் என்று எழுதியிருந்தேன். இன்ட் தாங்குவது 2147483647 வரைதான். 2013-இல் வந்த ஆர் 3.0.0 முதல் அதைவிட நீளமான வெக்டர்கள் இருக்கலாம், அதற்குரிய வகை ஆர்_எக்ஸ்லென்_டி. அவ்வளவு பெரிய வெக்டரை நான் கையால் தொட்டதில்லை. ஆனாலும் எலும்புக்கூட்டில் ஒரு முறை சரியாக எழுதிவைத்தால் பிறகு யோசிக்க வேண்டாம்.

பூட்ஸ்ட்ராப் பேக்கேஜுக்கு வந்தபோது ஒன்று மாட்டியது. தற்செயல் எண்களுக்கு சி-யின் ரேண்ட் செயற்கூறைப் பயன்படுத்தியிருந்தேன். ஆர் பக்கம் செட்.சீட் போட்டாலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செக்கும் ‘ரேண்ட் இருக்கிறது’ என்று காட்டிக்கொடுத்தது. பிழைதேடப் போட்ட சி-அவுட்டையும் அதே மூச்சில் பிடித்தது. ஆர் பேக்கேஜில் அச்சிட வேண்டுமானால் ஆர்சிபிபியின் ஆர்-அவுட், தற்செயல் எண் வேண்டுமானால் ஆரின் சொந்த உற்பத்தி. எக்ஸ்போர்ட் செய்த செயற்கூறுகளில் அந்த உற்பத்தியின் நிலையைத் தொடக்கத்தில் எடுத்து முடிவில் வைக்கும் வேலையை ஆர்சிபிபியே செய்துவிடுகிறது. நீண்ட லூப்புக்கு நடுவே செக்யூசர்இன்டரப்ட் கூப்பிடும் வரியையும் வார்ப்புருவில் சேர்த்தேன். அது இல்லாமல் ஓடும் லூப்பை நிறுத்த ஆர் செஷனையே கொல்ல வேண்டியிருந்தது, இரண்டு முறை.

வார்ப்புருவுக்கும் வயதாகும் என்பது மேக்வார்ஸில் தெரிந்தது. பழைய பேக்கேஜ்களில் சி++11 தரம் வேண்டும் என்று ஒரு வரி வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் தேவை இருந்தது. ஆர் 4.3.0-இல் இயல்பான தரமே சி++17 ஆகிவிட்டது. இப்போது அந்த வரியைப் பார்த்தால், அவசியமில்லை என்றால் எடுத்துவிடு என்று செக் நோட் போடுகிறது. வார்ப்புருவில் ஒரு வரியை அழிப்பது சுலபம். ஏற்கனவே பிறந்து வெளியே போன பேக்கேஜ்களில் யார் அழிப்பது? எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. இப்போது டிஸ்கிரிப்ஷனில் கான்ஃபிக் என்று தொடங்கும் ஒரு புலத்தில் கருவியின் பதிப்பு எண்ணை எழுதிவைக்கிறேன். அப்படித் தொடங்கும் புலங்களை ஆர் ஏற்றுக்கொள்கிறது.

கருவியைச் சோதிக்கத் தந்திரம் எதுவும் இல்லை. தற்காலிக அடைவில் மூன்று பேக்கேஜ் உண்டாக்கும்: இரண்டே எழுத்துப் பெயர் ஒன்று, நடுவில் புள்ளி உள்ளது ஒன்று, எண்ணில் முடிவது ஒன்று. மூன்றையும் பில்டு செய்து, செக் ஓட்டி, ஒரு நோட் வந்தாலும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பேக்கேஜையும் புதிதாகக் கம்பைல் செய்வதால் டீ குடித்துவிட்டு வரலாம். கம்பைலர் விட்டுச்சென்ற பழைய .ஓ கோப்புகள் இல்லாத புது அடைவு என்பதால் முடிவை நம்ப முடிகிறது. காப்பி எடுத்த காலத்தில், வேறு கணினியில் கம்பைல் ஆன .ஓ கோப்பு கூடவே வந்து, கோப்பின் வடிவமே புரியவில்லை என்று லிங்கர் கைவிரித்ததும் உண்டு.

இன்னும் தீராதது ஒன்று. விண்டோஸில், ஒரு பேக்கேஜின் டிஎல்எல் (அங்கே .எஸ்ஓ-வுக்கு இணையான கோப்பு) ஏற்கனவே ஒரு ஆர் செஷனில் ஏறியிருந்தால், அதன் மேலேயே மறுபடி நிறுவ முடியாது. கோப்பைப் பூட்டிவைத்திருக்கிறது, அனுமதி இல்லை என்று நிற்கும். இதற்கு என் கருவியில் தீர்வு எதுவும் இல்லை. செஷனை மூடித் திறந்துவிட்டு மறுபடி ஓட்டவும் என்று ஒரு செய்தி அச்சிடுகிறேன். அவ்வளவுதான்.